கத்திரி வெயிலில் முழுக்கை போட்டு ஓடுபவர்களுக்கு

ஏரிக்கரை_ஓட்டம் | ஏப்ரல் 9, இரவு 9.40

பிப்ரவரி வரை வாரம் நாலு நாள் தவறாமல் ஓடுகிற பெண்கள் பலர் ஏப்ரல் பிறந்ததும் காணாமல் போய்விடுகிறார்கள். கேட்டால் "வெயில்" என்பார்கள், "மனசு வரலை" என்பார்கள். என் கட்சி வேறு. காரணம் துணி. முழுக்கை, தொடையை மூடும் மேலாடை, கணுக்கால்வரை கால்சட்டை, சிலருக்குத் தலைத்துணி. டிசம்பரில் இது சுமையாகவே தெரியாது. ஏப்ரலில் இரண்டாவது கிலோமீட்டரிலேயே ஈரச்சாக்கு மாதிரி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். எங்கே ஒட்டியிருக்கிறது, எது வெளியே தெரிகிறது என்ற கவலையோடு வீடு வந்து சேர வேண்டும். இரண்டு வாரம் அப்படிப் போனால் யாருக்குத்தான் மனசு வரும்?

முன்கூட்டியே ஒன்று: "டி-ஷர்ட், ஷார்ட்ஸ் போட்டால் போச்சு" என்கிற பதில் வேண்டாம். எவ்வளவு மூடுவது என்பது அவரவர் விருப்பம். அந்த வரம்புக்குள் எந்தத் துணி, எந்தத் தையல், எந்த நேரம், ஜூன் தாண்டியும் விடாமல் ஓட என்ன வழி? பேச்சு சென்னையைப் பற்றி. மற்ற ஊர்க்காரர்கள் வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

தையல்_இன்ச்டேப் | ஏப்ரல் 9, இரவு 10.25

முதல் வேலையாகக் காட்டன் லெக்கின்ஸைத் தூக்கிப் போடுங்கள். 95 பங்கு காட்டன், 5 பங்கு லைக்ரா என்று சீட்டில் இருக்கும். நனைந்தால் தன் எடைக்கு மேல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு முட்டியில் தொங்கும், இடுப்பில் இறங்கும், தொடை இடுக்கில் உரசும். ஓடும்போது ஒரு கையால் இடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

அதற்குப் பதில் நைலான் 75-80, ஸ்பான்டெக்ஸ் (லைக்ராவேதான்) 20-25 பங்கு கலந்த டைட்ஸ். இடுப்புப்பட்டி அகலமாக, உள்ளே நாடாவோடு இருக்க வேண்டும். மேலே பாலியெஸ்டர் பின்னல் துணி, சதுர மீட்டருக்கு 120 முதல் 140 கிராம். சாதாரண டி-ஷர்ட் 180 கிராம். 100க்குக் கீழே போனால் கண்ணாடி. துணிக்கடையில் இந்தக் கிராம் கணக்கை "ஜிஎஸ்எம்" என்று கேட்டால் தெரியும்.

பருத்தி_கட்சி | ஏப்ரல் 10, காலை 6.50

நம்ம ஊரு வெயிலுக்குப் பருத்திதாங்க. பாட்டன் பூட்டன் எல்லாம் முட்டாளா? பாலியெஸ்டர் போட்டா வேர்க்குரு, நாத்தம், அரிப்பு. காசு கொடுத்து பிளாஸ்டிக்கை உடுத்திக்கிட்டு ஓடணுமா?

கடற்கரை_5மணி | ஏப்ரல் 10, காலை 8.05

பாட்டன் பூட்டன் 5 கி.மீ. இடைவிடாமல் ஓடவில்லை, நடந்தார்கள். நிழலில் உட்கார்ந்தார்கள், மெதுவாக வேலை செய்தார்கள். அதற்குப் பருத்தியை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஓடும்போது கணக்கு மாறுகிறது. 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 420 கிலோகலோரி செலவாகும். அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் சூடு. ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆவியானால் என்பதைக் கவனியுங்கள். சொட்டிக் கீழே விழுந்த வியர்வை எதையும் குளிர்விக்காது. துணிக்குள் ஊறிக் கிடக்கும் வியர்வையும் அரைகுறைதான், ஏனென்றால் அது தோலை விட்டுத் தள்ளித் துணியின் வெளிப்பக்கத்தில் ஆவியாகிறது. பருத்தி நூல் ஈரத்தை உள்ளுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரண நிலையிலேயே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரம் அதில் இருக்கும். பாலியெஸ்டரில் 0.4 தான். அதனால் பாலியெஸ்டரில் வியர்வை நூலிடுக்கில் பரவுமே தவிர உள்ளே போகாது, சீக்கிரம் போய்விடும்.

இன்னொரு விஷயம், சென்னைக்காரர்கள் வெப்பநிலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். செல்போன் வானிலைச் செயலியில் ட்யூ பாயின்ட் என்று ஒரு எண் இருக்கும், காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை அது. அதைப் பாருங்கள். மே மாத விடியலில் வெப்பநிலை 28, ட்யூ பாயின்ட் 26 என்று காட்டினால் காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது என்று பொருள். வியர்வைக்குப் போக இடமில்லை. ட்யூ பாயின்ட் 20க்குக் கீழே இருந்தால் சுகம், 24 தாண்டினால் வேகத்தை மறந்துவிட வேண்டும்.

தையல்_இன்ச்டேப் | ஏப்ரல் 10, மதியம் 1.15

பருத்தி_கட்சிக்கு ஒரு சலுகை. 20 நிமிட நடை-ஓட்டத்துக்கு மல்மல் மாதிரி மெல்லிசான தளர்ந்த காட்டன் போதும், தப்பில்லை. வேர்க்குரு பற்றி அவர் சொல்வதும் பாதி உண்மை. "டிரை ஃபிட்" என்று நடைபாதைக் கடையில் விற்பதில் பாதி நெருக்கிப் பின்னிய வழுவழுப் பாலியெஸ்டர். காற்றே போகாது. கடையிலேயே சோதிக்கலாம்: துணியை ஒற்றை மடிப்பாக வாயருகில் பிடித்து ஊதுங்கள், மறுபக்கம் உள்ளங்கையில் காற்று படாவிட்டால் வாங்காதீர்கள். புள்ளிப் பின்னல், தேன்கூட்டுப் பின்னல், பி.கே. பின்னல் இவற்றில் படும். மேடு பள்ளமான பின்னல் என்பதால் நனைந்தாலும் தோலோடு முழுசாக ஒட்டாது.

ஏரிக்கரை_ஓட்டம் | ஏப்ரல் 10, இரவு 9.05

ஒட்டுவதுதான் பெரிய தலைவலி. அடுத்தது நனைந்தால் உள்ளே தெரிவது. கடையில் காய்ந்த துணியைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

தையல்_இன்ச்டேப் | ஏப்ரல் 10, இரவு 9.50

சட்டைக்குள் கையை விட்டு விரல்களை விரித்து, பின்னால் செல்போன் டார்ச்சை அடியுங்கள். விரல் இடுக்கு தெளிவாகத் தெரிந்தால் காய்ந்த நிலையிலேயே ஃபெயில். வீட்டில் வந்து ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடித்து மறுபடி பாருங்கள். நூலிடுக்கில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிறைந்தால் ஒளி சிதறாமல் நேராக ஊடுருவும், அதனால்தான் வெள்ளைக் காட்டன் நனைந்ததும் ஒன்றுமே போடாத மாதிரி ஆகிவிடுகிறது. டைட்ஸை உட்கார்ந்து எழுந்து வெளிச்சத்தில் பின்பக்கம் பார்க்க வேண்டும். இழுபட்ட இடத்தில்தான் குட்டு வெளிப்படும்.

நிறம்: வெளிர் சாம்பல் வியர்வைக் கறையை ஊருக்கே அறிவிக்கும். வெள்ளை தெரியும். கருநீலம், கறுப்பு, அடர் பச்சை, அல்லது சின்னச் சின்னப் பூப்போட்டது. பூப்போட்டதில் கறையும் தெரியாது, உடல்வடிவமும் உடைந்து தெரியும்.

சும்மா ஒரு தகவல்: உலகத் தடகள விதிகளிலேயே ஆடை நனைந்தாலும் ஒளி ஊடுருவாத துணியில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நாம் கேட்பது ஒன்றும் ஊரில் இல்லாததல்ல.

முட்டுக்கட்டை | ஏப்ரல் 11, காலை 7.30

எல்லாம் சரி, போட்டியில் ஓடுபவர் யாராவது இப்படி மூடிக்கொண்டு ஓடுகிறார்களா?

கடற்கரை_5மணி | ஏப்ரல் 11, காலை 7.55

2006 தோஹா ஆசிய விளையாட்டு, பெண்கள் 200 மீட்டர் தங்கம், பஹ்ரைனின் ருகையா அல்-கஸ்ரா. முழுக்கை, முழுக்கால், தலையும் மூடி. 2000 சிட்னி ஒலிம்பிக், 400 மீட்டர் தங்கம், கேத்தி ஃப்ரீமன், தலைமூடியோடு கூடிய முழு உடல் உடை. அவருடைய காரணம் காற்றெதிர்ப்பு, அது வேறு. துணி மூடியிருப்பது வேகத்தைத் தடுக்காது, தப்பான துணி தடுக்கும். ஆனால் இரண்டுமே ஒரு நிமிடத்துக்குள் முடிகிற பந்தயம், 40 நிமிட ஓட்டத்தின் சூட்டுக்கணக்கு அதில் வராது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சொல்வீர்கள்.

தையல்_இன்ச்டேப் | ஏப்ரல் 12, இரவு 8.30

தையல் பக்கம் வருவோம். கடையில் கிடைக்கும் பெண்கள் ஓட்டச் சட்டை இடுப்போடு நிற்கும். ஆண்கள் சட்டையை வாங்கினால் தோளில் தொளதொள, இடுப்புச்சுற்றில் இறுக்கம். அதனால் தைத்துக்கொள்வதே மேல்.

நீளம்: முட்டிக்கு 5-6 இன்ச் மேலே நிறுத்துங்கள். முட்டிவரை இறங்கினால் ஒவ்வொரு அடிக்கும் தொடை துணியைத் தள்ள வேண்டியிருக்கும். நனைந்த பிறகு அது வேலை.

சைடு ஓப்பன்: கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் எட்டிவைக்கும் அடி சுருங்கும். தெரியுமே என்று பயந்தால் ஓப்பனுக்கு உள்ளே 3 இன்ச் அகலத்தில் வலைத்துணிப் பட்டை ஒன்று வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். விரியும், ஆனால் திறக்காது. அம்பர்லா கட் வேண்டாம். துணி அதிகம், நனைந்தால் கனம்.

அக்குள்: நாலு தையல் கூடும் இடம், முதலில் உரசிப் புண்ணாவது அங்கேதான். மூன்றரை இன்ச் சதுரத்துண்டு ஒன்றை அக்குளில் கோணலாக வைத்துத் தைத்தால் தையல் அந்த மையத்தை விட்டு நகர்ந்துவிடும், கையை வீசும்போது சட்டை மேலேறாது.

உள்ளடுக்கு: இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. உள்ளே ஸ்போர்ட்ஸ் பிரா, அதன்மேல் ஷிம்மீஸ், அதன்மேல் குர்தி, அதன்மேல் துப்பட்டா. நாலு அடுக்கு. ஷிம்மீஸ் எதற்கு? முன்பக்கம் தெரியக்கூடாது என்பதற்கு. அப்படியானால் முன்பக்கம் மட்டும், தோளிலிருந்து 12 இன்ச் வரை, அதே துணியில் லைனிங் கொடுங்கள். முதுகு ஒற்றையாகவே இருக்கட்டும், அடர் நிறத்தில். ஷிம்மீஸும் போச்சு, துப்பட்டாவும் போச்சு. முதுகு வழியாகச் சூடு போக வழியும் கிடைத்தது.

கைத்துணி தளர்வாக, மணிக்கட்டில் மட்டும் மெல்லிய எலாஸ்டிக். முழங்கைவரை ஏற்றிவிட்டால் நிற்க வேண்டும், அந்த அளவு இறுக்கம் போதும்.

துப்பட்டா_தியாகி | ஏப்ரல் 12, இரவு 10.40

துப்பட்டாவைப் போச்சு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள் அண்ணா. பழக்கப்பட்டவர்களுக்கு அது இல்லாமல் தெருவில் இறங்கவே முடியாது. லைனிங் இருக்கிறது என்பது போட்டிருப்பவளுக்குத்தானே தெரியும், பார்ப்பவனுக்கா?

தையல்_இன்ச்டேப் | ஏப்ரல் 13, காலை 6.15

நியாயம். அப்படியானால் கையில்லாத வலைத்துணி மேல்சட்டை, முன்னால் ஜிப், இடுப்புவரை. துப்பட்டா கொடுக்கும் மறைப்பு அதில் கிடைக்கும், கழுத்தில் சுற்றாது. இரண்டேகால் மீட்டர் துணியைக் குறுக்கே போட்டு முடிச்சிட்டு ஓடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள் தங்கச்சி. முடிச்சு அவிழ்ந்து பைக் சக்கரத்தில் மாட்டுவது வண்டியில் போகிறவர்களுக்கு மட்டும் வரும் ஆபத்தல்ல, பக்கத்தில் உரசிப்போகிற வண்டியின் கைப்பிடியிலும் மாட்டும்.

தலைத்துணி_கேள்வி | ஏப்ரல் 14, காலை 9.20

ஹிஜாப் பற்றி யாரும் பேசவில்லை. ஜார்ஜெட் நழுவுகிறது, பின் குத்தினால் ஓடும்போது கழன்று குத்துகிறது. விஸ்கோஸ் ஜெர்சி நழுவாது ஆனால் நனைந்தால் தலைபாரம்.

கேஎல்_அக்கா | ஏப்ரல் 14, பிற்பகல் 2.10

விஸ்கோஸ் பருத்தியைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும், ஓட்டத்துக்கு ஆகவே ஆகாதும்மா. தலைவழியாக மாட்டுகிற ஸ்போர்ட்ஸ் ஹிஜாப் வாங்குங்கள், பின்னே தேவையில்லை. மலேசியாவில் விளையாட்டுத் தூடோங் (மலாயில் தலைத்துணி) என்று சாதாரணமாகக் கிடைக்கிறது, சென்னையில் இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம். நைக்கி 2017ல் அறிவித்த பிறகு மற்ற பெரிய கம்பெனிகளும் செய்ய ஆரம்பித்துவிட்டன.

பார்க்க வேண்டியது மூன்று. முகத்தைச் சுற்றி வரும் ஓரம் மெல்லிய பட்டையாக இருக்க வேண்டும், தடித்த எலாஸ்டிக் நெற்றியில் கோடு போட்டுத் தலைவலி தரும். காது வருகிற இடத்தில் துளையிட்ட வலைத்துணி இருந்தால் வண்டிச் சத்தம் மங்காது. இயர்ஃபோனை அதற்குள் மாட்டிக்கொண்டு சாலையில் ஓடவே கூடாது. கழுத்துப் பகுதி மார்பு வரை இறங்கி, சட்டைக்கு வெளியே தளர்வாக விழ வேண்டும். உள்ளே செருகினால் கழுத்துவழியாக வெளியேற வேண்டிய சூடு அடைபடும். நீளம் போதாவிட்டால் சட்டையின் கழுத்தை உயர்த்தித் தையுங்கள், ஹிஜாபை இழுக்காதீர்கள்.

கொண்டை உச்சியில் வேண்டாம், பின்கழுத்துக்குச் சற்று மேலே தாழ்வாக. ஈரத்தலையோடு மாட்டக்கூடாது. ஓடி வந்ததும் முதலில் கழற்ற வேண்டியது இதுதான், தலையை உலரவிடுங்கள். இல்லாவிட்டால் பொடுகும் அரிப்பும் நிச்சயம்.

கோவை_ரேஸ்கோர்ஸ் | ஏப்ரல் 14, இரவு 7.45

ஒரு தந்திரம்: கிளம்பும்முன் தலைத்துணியையும் கழுத்துப் பகுதியையும் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து மாட்டினால் முதல் கால்மணி நேரம் சொர்க்கம்.

கடற்கரை_5மணி | ஏப்ரல் 14, இரவு 8.20

கோவையில் சொர்க்கம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அங்கே உலர்த்திக்கொடுக்கும். சென்னை விடியலில் நனைத்த துணி நனைந்தபடியே இருக்கும், முதல் ஐந்து நிமிடச் சில்லிப்புக்குப் பிறகு சுமைதான். மதுரை, திருச்சியில் மாலை 6 மணிக்கு மேல் ஓடினால் பலிக்கும்.

முட்டுக்கட்டை | ஏப்ரல் 16, காலை 10.00

கறுப்பு வாங்கச் சொல்கிறீர்கள். கறுப்பு சூட்டை இழுக்காதா?

கடற்கரை_5மணி | ஏப்ரல் 16, காலை 11.30

இழுக்கும். ஆனால் சூரியன் இருந்தால்தானே இழுக்க? ஐந்தே கால் மணிக்கு என்ன நிறமானாலும் ஒன்றுதான்.

வெயிலிலும்கூட தளர்வு முக்கியம். 1980ல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது: பாலைவன நாடோடிகளான பெதுவின்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று. கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிகம் சூடேறியது, ஆனால் தோலுக்கு வந்து சேர்ந்த சூடு இரண்டிலும் ஒன்றுதான். அங்கிக்கும் உடம்புக்கும் நடுவே ஓடிய காற்று மிச்சத்தை வாரிக்கொண்டு போய்விட்டது. அது வறண்ட காற்று, தொளதொள அங்கி. ஒட்டிப்பிடித்த கறுப்பு டைட்ஸுக்கு இது செல்லாது. ஏழு மணிக்கு மேல் ஓடுபவர்கள் கறுப்பைத் தவிருங்கள், கருநீலம், பூப்போட்டது போதும்.

கறுப்பில் நிஜமான ஆபத்து வேறு. இருட்டில் வண்டிக்காரன் கண்ணுக்குத் தெரியாது. ஒளிர்பட்டையை முதுகில் ஒட்டுவதைவிடக் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் கட்டுங்கள். ஆடும் கைகாலைப் பார்த்தால்தான் "ஆள்" என்று மூளைக்குச் சட்டென்று உறைக்கும். சாலையின் வலது ஓரமாக, வண்டிகளை எதிர்கொண்டு ஓடுங்கள்.

ஏரிக்கரை_ஓட்டம் | ஏப்ரல் 20, இரவு 9.30

நேரம் பற்றி முடிவாகச் சொல்லுங்கள். காலையா மாலையா?

கடற்கரை_5மணி | ஏப்ரல் 20, இரவு 10.10

மே நடுவில் சென்னையில் சூரிய உதயம் 5.43 வாக்கில். வெளிச்சம் அதற்கு 20 நிமிடம் முன்பே வந்துவிடும். 5.15க்குக் கிளம்பி 6.00க்குள் முடித்தால் வெயிலே படாது. ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாலையில் கடல்காற்று இருக்கும், ஈரப்பதம் கொஞ்சம் குறைவு, ஆனால் தார்ச்சாலையும் சுவர்களும் பகல் முழுக்கச் சேமித்த சூட்டைக் கக்கும். கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு மாலை பரவாயில்லை. வேளச்சேரி, அம்பத்தூர் என்று உள்ளே இருப்பவர்களுக்குக் காலைதான்.

பருத்தி_கட்சி | ஏப்ரல் 21, காலை 7.05

ஊர்ல பாதிப்பேர் 5 மணிக்கு எழுந்து சமையல் பண்ணணும். அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

ஏரிக்கரை_ஓட்டம் | ஏப்ரல் 21, காலை 8.00

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ஆனால் மே மாதம் பள்ளி விடுமுறை, டிபன் பாக்ஸ் கிடையாது. பிள்ளைகள் உள்ள வீட்டில் காலை கொஞ்சம் இளைப்பாறக் கிடைப்பதே அந்த ஒரு மாதம்தான். வெயிலைக் காரணம் காட்டி அந்த மாதத்தை விட்டுவிட்டு, ஜூனில் பள்ளி திறந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். நடக்கிற காரியமா? ஜூனில் காலையும் கிடைக்காது, பழக்கமும் இருக்காது.

கடற்கரை_5மணி | ஏப்ரல் 21, இரவு 9.15

சலிப்பு பற்றிய என் கணக்கு. கோடையில் மனசு உடைவதற்குக் கைக்கடிகாரம்தான் முக்கிய எதிரி. அதே உழைப்புக்குக் கிலோமீட்டருக்கு 30 வினாடி முதல் ஒரு நிமிடம் வரை கூடுதலாக ஆகும். தோலைக் குளிர்விக்க ரத்தம் அங்கே போகிறது, காலுக்குக் கிடைப்பது குறைகிறது, இதயம் கூடுதலாக அடிக்கிறது. கடிகாரத்துக்கு இது புரியாது, "உடற்தகுதி குறைகிறது" என்று அம்பைக் கீழே காட்டும். அமைப்பில் போய் வேகத்தைக் காட்டும் திரையை எடுத்துவிடுங்கள். நிமிடமும் இதயத்துடிப்பும் போதும். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள்.

வாரக் கணக்கை நிமிடத்தில் வையுங்கள். முதல் வாரம் நாலு நாள், தலா 20 நிமிடம், 3 நிமிட ஓட்டம் 1 நிமிட நடை. வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 35ல் நிறுத்துங்கள். ஞாயிறு மட்டும் 50. அவ்வளவுதான் கோடைக்கு. வேகப்பயிற்சியை ஆகஸ்டுக்குத் தள்ளுங்கள். சென்னை மாரத்தான் ஜனவரியில்தான் வருகிறது, அதற்கான தயாரிப்பு செப்டம்பரில் தொடங்கினால் போதும்.

உடம்பு பழக 7 முதல் 14 நாள் ஆகும். முதல் சில நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், பிறகு வியர்வை சீக்கிரமே துவங்கும், உப்பு வீணாவது குறையும். ஊட்டி, கொடைக்கானல் என்று இரண்டு மூன்று வாரம் போய்வந்தால் இதில் பெரும்பகுதி கரைந்துவிடும். திரும்பி வந்ததும் மறுபடி 20 நிமிடத்திலிருந்து.

தையல்_இன்ச்டேப் | ஏப்ரல் 22, காலை 6.40

எத்தனை நிமிடம் என்பதைவிட எத்தனை செட் என்று கேளுங்கள். ஒரே செட்தான் இருக்கிறது, நேற்று ஓடியது துவைக்கவில்லை, இன்று லீவு. இப்படித்தான் முதல் ஓட்டை விழும். மூன்று செட் வேண்டும்: உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, நாற்காலியில் ஒன்று. இரவு படுக்கும்முன் பிரா முதல் சாக்ஸ் வரை நாற்காலியில் வரிசையாக. தலைத்துணியும் மூன்று.

துவைப்பது: ஓடி வந்து கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள். வாளிக்குள் சுருட்டி வைத்தால் மாலைக்குள் நாற்றம் பிடிக்கும். பாலியெஸ்டரில் உடம்பின் எண்ணெய்ப்பசை ஒட்டிக்கொள்ளும், நாற்றம் அதிலிருந்துதான். வாரம் ஒருமுறை அரை வாளித் தண்ணீரில் அரை கப் வினிகர் ஊற்றி அரைமணி ஊறவைத்து, பிறகு சோப்புத்தூள். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் ஊற்றவே கூடாது, நூலின் மேல் படலம் போல் படிந்து வியர்வையைப் பரவவிடாது. டைட்ஸும் பிராவும் நிழலில் காய வேண்டும், மொட்டைமாடி வெயிலில் லைக்ரா செத்துப்போகும்.

துப்பட்டா_தியாகி | ஏப்ரல் 23, இரவு 9.55

ஸ்போர்ட்ஸ் பிரா பற்றி அண்ணன்கள் பேசத் தயங்குவது தெரிகிறது, நானே எழுதுகிறேன். தாங்குவது தோள்பட்டை நாடா இல்லை, நெஞ்சைச் சுற்றி வரும் அடிப்பட்டை. இரண்டு விரல் நுழையும் இறுக்கம். கையைத் தூக்கினால் பட்டை மேலேறக் கூடாது. பெரிய அளவுக்காரர்களுக்கு நசுக்கிப் பிடிக்கும் வகை போதாது, இரண்டு தனித்தனிக் குழியாகத் தைத்தது வேண்டும். உள்ளே செருகும் பஞ்சுத் தகட்டை எடுத்துவிடுங்கள், வியர்வையை உறிஞ்சிக் கனக்கும். வாரம் நாலு நாள் ஓடினால் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும், அதற்குமேல் பாசம் வைக்காதீர்கள்.

அடிப்பட்டை, அக்குள், உள்தொடை மூன்றிலும் ஓடும்முன் பெட்ரோலியம் ஜெல்லி. தேங்காயெண்ணெய் அரைமணியில் வியர்வையோடு போய்விடும்.

மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு வாரம் உடம்பின் அடிப்படைச் சூடே 0.3 முதல் 0.5 டிகிரி கூடியிருக்கும். அந்த நாட்களில் ஓட்டம் கனமாகத் தெரிந்தால் சோம்பேறித்தனம் என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம்.

பருத்தி_கட்சி | ஏப்ரல் 30, காலை 7.20

தொடை இடுக்கில் வட்டமா அரிப்பு. யாருக்குன்னு கேக்காதீங்க.

கேஎல்_அக்கா | ஏப்ரல் 30, காலை 8.40

கேட்கவில்லை. ஓரம் தடித்து வட்டமாகப் பரவினால் படர்தாமரை. ஈரத்துணியோடு உட்கார்ந்து காபி குடித்தால் வரும். மெடிக்கலில் "அரிப்புக்கு" என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பு கொடுப்பார்கள். இரண்டு நாள் அடங்கின மாதிரி இருக்கும், பூஞ்சை உள்ளே பரவும். தோல் மருத்துவரிடம் போங்கள். பருத்தியோ பாலியெஸ்டரோ, ஓடி முடித்ததும் கழற்றாவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

கோவை_ரேஸ்கோர்ஸ் | மே 5, காலை 7.50

கத்திரி பிறந்துவிட்டது. தண்ணீர் கணக்கு: ஓடும்முன்னும் பின்னும் வியர்வை துடைத்து எடை பாருங்கள். 700 கிராம் குறைந்தால் 700 மில்லி போயிருக்கிறது. அந்த அளவை மதியத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் குடித்தால் போதும், ஒரே மூச்சில் ஒரு குடம் குடிக்காதீர்கள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள், அதுவும் ஆபத்து. லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் சோடியம் போகும். 300 மில்லி நீர்மோரில் கால் டீஸ்பூன் உப்பு போட்டால் சுமார் 600 மில்லிகிராம் திரும்பும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, அதை மட்டும் நம்பாதீர்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள் உப்பு பற்றி டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டுக்கட்டை | மே 5, காலை 9.10

வியர்வை நின்றுவிட்டால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்பார்களே?

கடற்கரை_5மணி | மே 5, காலை 9.35

ஓடுபவர்களுக்கு அப்படி நம்பி இருக்கக்கூடாது. வியர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போதே வரும். அடையாளம் மூளையில்தான் முதலில் தெரியும்: பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் எரிச்சல், தள்ளாட்டம். வெயிலில் ஓடும்போது புல்லரித்துக் குளிர் எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். குழறினால் 108ஐ அழையுங்கள், ஆனால் வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலில் படுக்கவைத்துத் துணியோடு அப்படியே தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். கிடைத்தால் ஐஸ், கழுத்திலும் அக்குளிலும். "ஆடையைத் தளர்த்தலாமா, பெண்கள் யாராவது இருக்கிறார்களா" என்று யோசித்து நிமிடங்களை வீணாக்க வேண்டாம். நனைந்த துணிமேலேயே குளிர்விக்கலாம். தலைத்துணியைக் கழுத்தில் தளர்த்தினால் போதும்.

துப்பட்டா_தியாகி | மே 11, இரவு 10.05

பார்வை பற்றி ஒரு குறிப்பு. ஒரே நேரம், ஒரே பாதை என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் பால் பூத்காரர், வாக்கிங் தாத்தா, பூக்காரம்மா எல்லாருக்கும் பழகிவிடும். பாதையை மாற்றிக்கொண்டே இருந்தால் தினமும் புதுக் கண்கள். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை மாதிரி ஐந்தரைக்கே கூட்டம் இருக்கும் இடம் நல்லது. பூங்கா நடைபாதை பாதுகாப்பு, ஆனால் வட்டம் சின்னது, திரும்பித் திரும்பி ஒரே பக்க முட்டி வலிக்கும். பாதி நேரம் எதிர்த்திசையில் ஓடலாம், தாத்தாக்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

ஆண்களுக்கும் ஒன்று: சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடும் அண்ணன்களே, பக்கத்தில் முழுக்கை போட்டு ஓடுகிறவளிடம் "உஃப், என்ன வெயில்" என்று சொல்லாதீர்கள்.

ஏரிக்கரை_ஓட்டம் | ஜூன் 7, காலை 7.15

பள்ளி திறந்துவிட்டது, காலை நேரம் சுருங்கிவிட்டது. 35 நிமிடம் கிடைக்காதவர்கள்?

கடற்கரை_5மணி | ஜூன் 7, காலை 7.40

வாரநாளில் 15 நிமிடம், மூன்று நாள். சனி ஞாயிறு 40, 50. பழகிய உடம்பு இதில் தாக்குப்பிடிக்கும். 15 நிமிடம்கூட இல்லாத நாளில் ஷூ போட்டுத் தெருமுனைவரை போய் வாருங்கள், 10 நிமிடம். அதையும் அட்டவணையில் எழுதுங்கள்.

தலைத்துணி_கேள்வி | ஜூன் 14, இரவு 9.20

மூன்று செட் தைக்கத் துணி எவ்வளவு வாங்க வேண்டும்? திருப்பூர் போகிறவர் ஒருவர் இருக்கிறார்.

தையல்_இன்ச்டேப் | ஜூன் 14, இரவு 9.45

அங்கே பின்னல் துணி மீட்டரில் கேட்டால் சிரிப்பார்கள், கிலோ கணக்கு. 58 இன்ச் அகலத் துணியில் 34 இன்ச் நீளச் சட்டை, முழுக்கை, நெஞ்சு லைனிங், அக்குள் துண்டு எல்லாம் சேர்த்து 1.75 மீட்டர். 130 ஜிஎஸ்எம் என்றால் அது சுமார் 335 கிராம். ஆக ஒரு கிலோ மூன்று சட்டை, ஒன்றாக அடுக்கி வெட்டினால் சரியாக வரும். காதர்பேட்டையில் மிச்சத்துணிக் கடைகளில் கேட்கச் சொல்லுங்கள். ஊதிப் பார்த்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். சைடு ஓப்பனுக்கு வலைத்துணி கால் கிலோ தனியாக. ஓரங்களைச் சாதாரணத் தையலில் முடித்துத் தந்தால் வாங்காதீர்கள், தையலைத் தட்டையாகப் போடும் பிளாட்லாக் மிஷின் உள்ள கடையில் கொடுங்கள். இல்லாவிட்டால் ஓவர்லாக் போட்டுத் தையல் முகம் வெளிப்பக்கம் வரும்படி தைக்கச் சொல்லுங்கள், பார்க்க டிசைன் மாதிரி இருக்கும், உரசாது.